நைஜீரியாவின் பகிரங்க சேவையாளர்: ஆசிரியப் பணி, அரசியல், நீதித்துறை

1. அறிமுகம்

சட்டவாட்சி, பகிரங்க சேவை, நீதித்துறையின் சுயாதீனம் என்பன குடியியற் கல்வியில் அடிக்கடி இடம்பெறும் எண்ணக்கருக்களாகும். இவற்றின் வரைவிலக்கணங்களை மாணவர்கள் பலர் மனனஞ் செய்து பரீட்சைக்குச் செல்கின்றனர். ஆனால் "உதாரணத்துடன் விளக்குக" என்று வினா அமையும்போது தடுமாறுகின்றனர். உண்மையான ஒரு நாட்டில், உண்மையான மனிதர்கள் எவ்வாறு பதவிக்கு வந்தனர், எவ்வாறு உயர்ந்தனர், எவ்வாறு பதவியிலிருந்து நீங்கினர் என்பதைக் கற்றால் இவ்வெண்ணக்கருக்கள் தெளிவாகும்.

இதற்கு ஆபிரிக்காவின் மிகக் கூடிய சனத்தொகை கொண்ட நாடாகிய நைஜீரியா பொருத்தமான உதாரணமாகும். அந்நாட்டின் பகிரங்க வாழ்வில் கல்வி, அரசியல், சட்டம் ஆகிய மூன்று துறைகளும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்துள்ளன. ஆசிரியர் பிரதமரானார், எழுதுவினைஞர் பிரதம நீதியரசரானார், பேராசிரியர் தேர்தலை நடத்தினார். அதேவேளை, இராணுவப் புரட்சிகளால் ஒரே இரவில் பதவியிழந்தோரும் பலர். எனவே இக்கட்டுரையை வாசிக்கும்போது பின்வரும் கருத்தை மனதில் இருத்திக் கொள்ளுங்கள்.

ஒரு பதவிக்குள் நுழையும் வழியும், அப்பதவியிலிருந்து நீங்கும் வழியும் சட்டத்தினால் வரையறுக்கப்பட்டு, அவ்வாறே பின்பற்றப்படும்போதுதான் பகிரங்க சேவை மக்களுக்கு உரியதாக இருக்கும்.

2. நைஜீரியா: சுருக்கமான பின்னணி

பிரித்தானியர் 1914 இல் தமது வட, தென் நிருவாகப் பகுதிகளை ஒன்றிணைத்து நைஜீரியா என்னும் ஒரே குடியேற்ற நாட்டை உருவாக்கினர். வடக்கில் ஹவுசா, ஃபுலானி மக்களும், மேற்கில் யொரூபா மக்களும், கிழக்கில் இக்போ மக்களும் பெருந்தொகையினராவர். இவர்களைத் தவிர நூற்றுக்கணக்கான சிறிய இனக்குழுக்களும் உள்ளன.

1960 ஒக்ரோபர் 1 இல் நைஜீரியா சுதந்திரமடைந்து, 1963 இல் குடியரசானது. 1966 சனவரியில் முதலாவது இராணுவப் புரட்சி ஏற்பட்டது. 1967 தொடக்கம் 1970 வரை உள்நாட்டு யுத்தம் நிகழ்ந்தது. 1979 தொடக்கம் 1983 வரையான காலத்தையும் 1993 இல் சில மாதங்களே நீடித்த ஓர் இடைக்கால அரசையும் தவிர, 1999 வரை இராணுவமே ஆட்சி செய்தது. 1999 மே 29 முதல் மக்களால் தெரிவு செய்யப்பட்ட அரசாங்கங்கள் தொடர்ந்து ஆட்சி செய்து வருகின்றன.

இன்று நைஜீரியா 36 மாநிலங்களையும் அபுஜா தலைநகரப் பிரதேசத்தையும் கொண்ட சமஷ்டிக் குடியரசாகும். 109 உறுப்பினர் கொண்ட செனற் சபையும், 360 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் சேர்ந்து தேசிய சட்டமன்றமாக அமைகின்றன.

3. ஆசிரியப் பணியே முதற்படி

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் படித்த நைஜீரியருக்குக் கிடைத்த தொழில்கள் சிலவே. ஆசிரியர், எழுதுவினைஞர், சமயப் பணியாளர் என்பன அவற்றுள் முக்கியமானவை. உயர் நிருவாகப் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயரிடமே இருந்தன. ஆகவே திறமை வாய்ந்த இளைஞர் பலர் ஆசிரியராகவே வாழ்க்கையைத் தொடங்கினர். ஆசிரியர் ஊர் மக்களால் அறியப்பட்டவர், மதிக்கப்பட்டவர், எழுதவும் பேசவும் வல்லவர். இத்தகுதிகளே பின்னர் அவர்களை அரசியலுக்கு இட்டுச் சென்றன.

அ. அபூபக்கர் தஃபாவா பலேவா (1912 – 1966)

வடக்கில் பிறந்த இவர் கற்சினா கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பௌச்சி நகரில் நடுத்தரப் பாடசாலையொன்றில் ஆசிரியராகவும் பின்னர் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றினார். 1945 – 1946 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவகத்தில் கற்றுத் திரும்பிப் பாடசாலைப் பரிசோதகரானார். அதன்பின் அரசியலில் ஈடுபட்டு அமைச்சர் பதவிகளை வகித்தார். 1957 இல் சமஷ்டி அரசாங்கத்தின் தலைவரானார். சுதந்திர நைஜீரியாவின் முதற் பிரதமரும் இவரே. 1966 சனவரிப் புரட்சியில் இவர் கொல்லப்பட்டார்.

ஆ. கிறேஸ் அலேலே வில்லியம்ஸ் (1932 – 2022)

பெண்கள் பாடசாலையொன்றில் கணித ஆசிரியையாகத் தொடங்கிய இவர், 1963 இல் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்வியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். நைஜீரியப் பெண்களுள் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாமவர் இவரேயாவார். 1985 இல் பெனின் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக நியமிக்கப்பட்டு 1991 வரை பணியாற்றினார். நைஜீரியப் பல்கலைக்கழகம் ஒன்றின் உபவேந்தரான முதற் பெண்மணி என்ற பெருமையும் இவருக்குரியது.

இ. பாப்ஸ் ஃபஃபுன்வா (1923 – 2010)

கல்விப் பேராசிரியரான இவர், 1970 இல் இஃபே நகரில் தொடங்கப்பட்ட ஆறாண்டு ஆரம்பக் கல்வித் திட்டத்தின் முன்னோடியாவார். அக்காலத்தில் ஆரம்பப் பாடசாலையின் மேல்வகுப்புகளில் ஆங்கிலமே போதனாமொழியாக இருந்தது. இத்திட்டத்தில் ஆறு ஆண்டுகளும் யொரூபா மொழியிலேயே பாடங்கள் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் ஒரு பாடமாக, தனியான ஆசிரியரால் போதிக்கப்பட்டது. தாய்மொழியிற் கற்ற பிள்ளைகள் ஏனைய பாடங்களில் சிறந்து விளங்கியதோடு ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை என்பது இத்திட்டத்தின் முக்கிய முடிவாகும். 1977 இல் வெளியிடப்பட்ட தேசியக் கல்விக் கொள்கை ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிக்கு இடமளித்தது. ஃபஃபுன்வா 1990 தொடக்கம் 1992 வரை கல்வி அமைச்சராகப் பதவி வகித்தார்.

இக்காலத்து ஆசிரியர் சேவை: இடைநிலைக் கல்வியின் பின் கல்வியியற் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் கற்றுப் பெறும் தேசியக் கல்விச் சான்றிதழே ஆசிரியருக்குரிய ஆகக்குறைந்த தகைமையாகக் கொள்ளப்படுகிறது. பல்கலைக்கழகத்திற் கல்விமாணிப் பட்டம் பெற்றும் ஆசிரியராகலாம். ஆசிரியர் பதிவுச் சபை 1993 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. அனுபவம் மிக்க ஆசிரியர்கள் விரைவில் ஓய்வு பெற்றுச் செல்வதைத் தடுப்பதற்காக, 2022 ஆம் ஆண்டின் சட்டம் அவர்களது ஓய்வு வயதை 60 இலிருந்து 65 ஆகவும், சேவைக்கால எல்லையை 35 இலிருந்து 40 ஆண்டுகளாகவும் உயர்த்தியது.

4. அரசியல்: வகுப்பறையிலிருந்து ஆட்சிபீடத்துக்கு

அ. ஒபாஃபெமி அவொலொவோ (1909 – 1987)

சிறு வயதிலேயே தந்தையை இழந்த இவர், தமது உழைப்பினாலேயே கல்வி கற்றார். ஆசிரியர், சுருக்கெழுத்தாளர், கல்லூரி எழுதுவினைஞர், பத்திரிகை நிருபர், வியாபாரி எனப் பல தொழில்களைச் செய்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக 1944 இல் வர்த்தகமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று 1946 இல் பரிஸ்டரானார்.

1954 இல் மேற்குப் பிராந்தியத்தின் பிரதமரானார். 1955 சனவரியில் அங்கு இலவச ஆரம்பக் கல்வியைத் தொடங்கி வைத்தார். 1954 இல் சுமார் 4½ இலட்சமாக இருந்த ஆரம்பப் பாடசாலை மாணவர் தொகை, ஒரே ஆண்டில் 8 இலட்சத்தைத் தாண்டியது. இத்திட்டத்திற்காக அறவிடப்பட்ட வரியை மக்கள் விரும்பவில்லை. 1954 இறுதியில் நடைபெற்ற சமஷ்டித் தேர்தலில் இவரது கட்சி சொந்தப் பிராந்தியத்திலேயே பின்னடைவு கண்டது. எனினும் திட்டம் கைவிடப்படவில்லை. முன்பு பாடசாலைக்கே செல்லாத குடும்பங்களிலிருந்து பிற்காலத்தில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் தோன்ற இது வழிவகுத்தது.

1963 இல் அரசுக்கெதிரான சதிக் குற்றச்சாட்டில் அவொலொவோவுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1966 இல் இராணுவ அரசு அவரை விடுதலை செய்தது. 1967 தொடக்கம் 1971 வரை அவரே நாட்டின் நிதிப் பொறுப்பை வகித்தார். பிரதமர் கைதியாவதும், கைதி நிதிப் பொறுப்பாளராவதும் ஒருவரின் திறமையையோ குறையையோ மட்டும் காட்டுவன அல்ல. ஆட்சியாளர் மாறும்போது பதவிகளும் மாறின என்பதையே இது உணர்த்துகிறது.

ஆ. அரசியலில் நுழைவதற்கான இன்றைய விதிகள்

1999 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தேர்தலிற் போட்டியிட விரும்பினால், தேர்தல் தினத்திற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் தமது உத்தியோகத்திலிருந்து விலகியிருத்தல் வேண்டும். அரசாங்க வாகனம், அலுவலகம், அதிகாரம் ஆகியவற்றைத் தமது தேர்தல் வேலைக்குப் பயன்படுத்துவதைத் தடுப்பதே இதன் நோக்கமாகும்.

2018 இல் இளைஞர் அமைப்புகளின் முயற்சியினால் வயதெல்லை குறைக்கப்பட்டது. சனாதிபதி வேட்பாளருக்குரிய ஆகக்குறைந்த வயது 40 இலிருந்து 35 ஆகவும், பிரதிநிதிகள் சபை வேட்பாளருக்குரியது 30 இலிருந்து 25 ஆகவும் மாற்றப்பட்டது.

5. சிவில் சேவையும் 1975 ஆம் ஆண்டின் பாடமும்

சமஷ்டி சிவில் சேவையில் தரங்கள் 1 தொடக்கம் 17 வரை இலக்கமிடப்பட்டுள்ளன. பட்டதாரிகள் பொதுவாக 8 ஆம் தரத்தில் இணைகின்றனர். அமைச்சொன்றின் தலைமை உத்தியோகத்தர் நிரந்தரச் செயலாளர் எனப்படுவார். சாதாரண உத்தியோகத்தர் 60 வயதில் அல்லது 35 ஆண்டு சேவையின் முடிவில், இவற்றுள் எது முந்துகின்றதோ அப்போது ஓய்வு பெறல் வேண்டும். நாட்டின் எல்லாப் பகுதியினருக்கும் பதவிகளில் இடங்கிடைக்க வேண்டும் என்பதும் அரசியலமைப்பின் ஏற்பாடாகும். இது "சமஷ்டித் தன்மை" எனப்படுகிறது.

பல்கலைக்கழகப் பட்டம் பெறும்போது 30 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டுத் தேசிய இளைஞர் சேவையில் ஈடுபட வேண்டும். உள்நாட்டு யுத்தத்தின் பின் மக்களிடையே ஒற்றுமையை வளர்ப்பதற்காக 1973 இல் இது ஆரம்பிக்கப்பட்டது. இளைஞர் தமது சொந்த மாநிலத்தில் அன்றி வேறொரு மாநிலத்தில் பணியாற்றுவதே வழக்கமாகும். பலர் கிராமப் பாடசாலைகளில் ஆசிரியராக அமர்த்தப்படுகின்றனர்.

1975 யூலையில் ஆட்சிக்கு வந்த இராணுவ அரசு, திறமையின்மை, ஊழல், முதுமை, நோய் முதலிய காரணங்களைக் கூறி 10,000 இற்கும் மேற்பட்ட அரசாங்க ஊழியரைச் சில மாதங்களுக்குள் பதவி நீக்கியது. ஊழல் செய்தோர் சிலர் தண்டிக்கப்பட்டதை மக்கள் முதலில் வரவேற்றனர். ஆனால் முறையான விசாரணையின்றி நேர்மையானோரும் நீக்கப்பட்டனர். "நாளை எனக்கும் இதுவே நேரலாம்" என்ற அச்சம் சேவை முழுவதும் பரவியது. பதவி நிச்சயமற்றதாகும்போது, இருக்கும் காலத்திலேயே பணஞ் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வளரும். ஊழலை ஒழிக்க எடுத்த அவசர நடவடிக்கை, பிற்காலத்தில் ஊழலுக்கே இடமளித்தது எனப் பலர் கருதுவர்.

6. நீதித்துறை: படிப்படியான உயர்வு

நைஜீரியாவிற் சட்டத்தரணியாக விரும்புவோர் பல்கலைக்கழகத்திற் சட்டமாணிப் பட்டம் பெற்றபின் நைஜீரிய சட்டக் கல்லூரியிற் பயிற்சி பெற வேண்டும். இக்கல்லூரி 1962 இல் ஆரம்பிக்கப்பட்டது. நீதிபதி பதவிகளுக்குச் சட்டத்தரணியாகத் தகைமை பெற்றபின் கழிந்திருக்க வேண்டிய ஆகக்குறைந்த காலம் பின்வருமாறு:

மேல் நீதிமன்றம் – 10 ஆண்டுகள்
மேன்முறையீட்டு நீதிமன்றம் – 12 ஆண்டுகள்
உயர் நீதிமன்றம் – 15 ஆண்டுகள்

உயர் நீதிமன்ற நீதியரசர்களைத் தேசிய நீதிச் சபை சிபாரிசு செய்யும், சனாதிபதி நியமிப்பார், செனற் சபை உறுதிப்படுத்தும். 2023 ஆம் ஆண்டின் திருத்தம் மேல்நிலை நீதிமன்ற நீதிபதிகள் யாவருக்கும் ஓய்வு வயதை 70 ஆக்கியது. பின்வரும் மூவரின் வாழ்க்கையை ஒப்பிட்டு நோக்குக.

அ. தஸ்லிம் எலியாஸ் (1914 – 1991)

லாகோசில் பிறந்த இவர் அரசாங்கக் கணக்காய்வுத் திணைக்களத்திலும், பின்னர் புகையிரதத் திணைக்களத்தின் கணக்குப் பிரிவிலும் எழுதுவினைஞராக வேலை செய்தார். வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் படித்தார். 1944 இல் இங்கிலாந்து சென்று, 1947 இல் பரிஸ்டராகி, 1949 இல் சட்டத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1960 இல் சுதந்திர நைஜீரியாவின் சட்டமா அதிபராகவும் நீதியமைச்சராகவும் பொறுப்பேற்றார். லாகோஸ் பல்கலைக்கழகச் சட்ட பீடாதிபதியாகவும் பணியாற்றினார். 1972 இல் பிரதம நீதியரசரானார்.

1975 இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசு அவரைப் பதவி நீக்கியது. ஆனால் அதே ஆண்டு சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாக ஐக்கிய நாடுகள் சபை அவரைத் தெரிவு செய்தது. 1982 தொடக்கம் 1985 வரை அதன் தலைவராக விளங்கினார். அப்பதவியை வகித்த முதல் ஆபிரிக்கர் அவரே. (இலங்கையரான சி. ஜி. வீரமந்திரி 1991 தொடக்கம் 2000 வரை நீதிபதியாக இருந்ததும் இந்நீதிமன்றத்திலேயே.) உலகம் ஏற்றுக்கொண்ட ஒருவரை அவரது நாடு விசாரணையின்றி இழந்தது.

ஆ. அலோமா முக்தார் (பிறப்பு 1944)

1967 இல் நைஜீரியச் சட்டத்தரணியான இவர், நீதவானாகப் பணியாற்றியபின், 1977 இல் கனோ மாநிலத்தில் மேல் நீதிமன்ற நீதிபதியானார். 1987 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் 2005 இல் உயர் நீதிமன்றத்துக்கும் உயர்ந்தார். 2012 யூலையில் நைஜீரியாவின் முதற் பெண் பிரதம நீதியரசராகச் சத்தியப்பிரமாணஞ் செய்தார். 70 வயது பூர்த்தியான 2014 நவம்பரில், சட்டம் குறித்த நாளில், ஓய்வு பெற்றார். 2024 இல் குதிரத் கெக்கெரே எக்குன் இரண்டாவது பெண் பிரதம நீதியரசரானார்.

இ. வோல்ற்றர் ஒனோகென் (பிறப்பு 1950)

சொத்து விபரத்தை முழுமையாக வெளிப்படுத்தவில்லை என்ற குற்றச்சாட்டில், பிரதம நீதியரசராயிருந்த இவரை 2019 சனவரியில் சனாதிபதி இடைநிறுத்தினார். பொதுத் தேர்தல் அண்மித்திருந்த காலம் அது. நைஜீரியாவில் பதவியேற்கும் ஒவ்வொருவரும் தமது சொத்து விபரத்தை வெளிப்படுத்த வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், பிரதம நீதியரசரை நீக்குவதற்குச் செனற் சபையின் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு தேவை என அரசியலமைப்பு கூறுகிறது. அவ்வழியைத் தவிர்த்து, ஒரு தரப்பை மட்டும் கேட்டு வழங்கப்பட்ட நியாய சபையொன்றின் கட்டளையைக் கொண்டு அவர் இடைநிறுத்தப்பட்டமை பெருஞ் சர்ச்சைக்குள்ளானது. 2019 ஏப்பிரலில் குற்றவாளியாகக் காணப்பட்ட அவரை, 2024 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. மக்களாட்சிக் காலத்திலும் நீதித்துறையின் சுயாதீனம் கவனமாகப் பாதுகாக்கப்பட வேண்டியது என்பதற்கு இது சான்றாகும்.

7. மூன்று துறைகளும் சந்திக்கும் இடம்

அத்தாஹிரு ஜெகா என்பவர் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர். 1990 களின் முற்பகுதியில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் தலைவராக இருந்து இராணுவ அரசுடன் போராடினார். அரசு அச்சங்கத்தைத் தடை செய்தது. பின்னர் கனோவிலுள்ள பாயெறோ பல்கலைக்கழகத்தின் உபவேந்தரானார். 2010 இல் தேர்தல் ஆணைக்குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டார்.

2015 மார்ச்சில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலின் முடிவுகள் தொகுக்கப்பட்டபோது, ஆளுங்கட்சியைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் ஒருவர் சபையிற் குழப்பம் விளைவித்தார். நாடு முழுவதும் தொலைக்காட்சியிற் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெகா குரலை உயர்த்தவில்லை. விதிப்படி பதிலளித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பதவியிலிருந்த சனாதிபதி குட்லக் ஜொனதன் தோல்வியுற்றார். இறுதி முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்னரே அவர் வெற்றியாளரான முகமது புகாரியைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். நைஜீரிய வரலாற்றில் பதவியிலிருந்த சனாதிபதி ஒருவர் தேர்தலில் தோல்வியடைந்தது இதுவே முதற் தடவையாகும்.

ஜொனதனும் முன்பு கல்வியியற் கல்லூரியொன்றில் விரிவுரையாளராக இருந்தவரே. ஜெகா 2015 யூனில் தமது ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கச் சென்றார். ஒருவர் தோற்றதை ஏற்று விலகினார். மற்றவர் காலம் முடிந்ததும் விலகினார். 1966 இல் துப்பாக்கியினால் நிகழ்ந்த ஆட்சி மாற்றம், 2015 இல் வாக்குச்சீட்டினாலும் ஒரு தொலைபேசி அழைப்பினாலும் நிகழ்ந்தது.

8. தொகுப்பு

• குடியேற்றக் காலத்தில் ஆசிரியப் பணியும் எழுதுவினைஞர் பணியும் பகிரங்க வாழ்வின் முதற்படிகளாக இருந்தன.
• கல்வி விரிவடைந்தமையால் (1955) சாதாரண குடும்பத்தினருக்கும் பகிரங்க சேவையின் கதவுகள் திறந்தன.
• இராணுவப் புரட்சிகள் பதவிப் பாதுகாப்பை இல்லாமற் செய்தன (1966, 1975).
• 1999 இன் பின் நியமனம், உயர்வு, ஓய்வு, நீக்கம் என்பன அரசியலமைப்பினால் வரையறுக்கப்பட்டுள்ளன. எனினும் மீறல்கள் முற்றாக மறையவில்லை (2019).
• விதிகளை மதித்து நடக்கும் மனிதர்களாலேயே விதிகள் உயிர்பெறுகின்றன (2014, 2015).

9. பயிற்சி வினாக்கள்

1. சுதந்திர நைஜீரியாவின் முதற் பிரதமர் அரசியலுக்கு வருமுன் வகித்த இரண்டு பதவிகளைக் குறிப்பிடுக.
2. மேற்குப் பிராந்தியத்தில் 1955 இல் தொடங்கப்பட்ட கல்வித் திட்டத்தின் உடனடி விளைவு ஒன்றையும் நீண்டகால விளைவு ஒன்றையும் தருக.
3. இஃபே ஆரம்பக் கல்வித் திட்டத்தின் முடிவு தாய்மொழிக் கல்வி பற்றி எதனை உணர்த்துகிறது?
4. அரசாங்க உத்தியோகத்தர் தேர்தலிற் போட்டியிடுமுன் பதவி விலக வேண்டும் என்ற விதிக்கான காரணத்தை விளக்குக.
5. "1975 இல் எலியாஸ் நீங்கிய விதமும் 2014 இல் முக்தார் நீங்கிய விதமும் நீதித்துறையின் சுயாதீனத்தை விளக்குகின்றன." ஆராய்க.

விடையளிப்போருக்கு: 5 ஆம் வினாவுக்கு இருவரின் வாழ்க்கை வரலாற்றை மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடைக்காது. முதலில் நீதித்துறையின் சுயாதீனம் என்பதை இரு வசனங்களில் விளக்குக. அடுத்து, யார் நீக்கினார், எந்தச் சட்டத்தின்படி, விசாரணை நடந்ததா ஆகிய மூன்று கேள்விகளையும் இருவருக்கும் பொருத்திக் காட்டுக. இறுதியாக, பதவி நீக்கப்படலாம் என்று அஞ்சும் நீதிபதியிடம் சாதாரண குடிமகன் ஒருவன் அரசுக்கெதிராக வழக்குத் தொடுத்தால் அவனுக்கு என்ன நேரும் என்பதைச் சிந்தித்து உங்கள் முடிவை எழுதுக. இவ்வினாவின் உயிர்நிலை அதுவேயாகும்.